கழுதை ஏன் வாயைத் திறக்கவில்லை?

"எத்தனை பக்கம் சித்தி?"

அக்கா மகன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான். பள்ளியில் வாசிப்பு புராஜெக்ட் கொடுத்திருக்கிறார்கள், ஒரு நாவலைப் படித்து எழுதிக்கொடுத்துவிட்டு வகுப்பில் நான்கு நிமிடம் பேச வேண்டுமாம், நீதான் எந்நேரமும் புத்தகமும் கையுமாக இருப்பவள், ஒன்று சொல்லித் தொலை என்று அக்கா போனை அவனிடம் கொடுத்துவிட்டாள். நான் ஒரு நாவலின் பெயரைச் சொன்னேன். கதை என்ன என்று அவன் கேட்கவில்லை. யார் எழுதியது என்றும் கேட்கவில்லை. பக்கக் கணக்கைக் கேட்டான்.

எனக்குச் சுருக்கென்றது. 'எங்க காலத்துல எல்லாம்' என்று தொடங்கும் பிரசங்கம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இப்போது நினைத்துப் பார்த்தால், அன்று எங்கள் இருவரில் உருப்படியான கேள்வியைக் கேட்டவன் அவன்தான்.

அந்த வார இறுதியில் 600 பக்க நாவலைத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். எனக்குப் பதினான்கு வயதில் சோறு தண்ணி மறக்கவைத்த புத்தகம். பெயர் வேண்டாம், பிறகு நான் சொல்லப்போவதற்கு அது பொறுப்பல்ல. "முதல் அம்பது பக்கம் கொஞ்சம் மெதுவாப் போகும், அப்புறம் பாரு, கீழயே வைக்க மாட்டே" என்று வேறு சொன்னேன். பதின்வயதுப் பிள்ளையிடம் சொல்லவே கூடாத வாக்கியம் ஒன்று உண்டென்றால் அது இதுதான். பத்து நாள் கழித்துப் போனேன். புத்தகம் கணக்கு நோட்டுக்கு அடியில் கிடந்தது. தேர்வு அட்டவணைத் தாளை நீளமாகக் கிழித்து அடையாளம் வைத்திருந்தான். 23ஆம் பக்கம்.

"நல்லாத்தான் இருக்கு சித்தி."

பெரியவர்களைப் புண்படுத்திவிடக் கூடாது என்று நினைக்கும்போது பிள்ளைகளுக்கு ஒரு குரல் வரும். அந்தக் குரலில் சொன்னான். அவன் கத்தியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு உறைத்திருக்காது. நான் இவனுக்குப் புத்தகம் தேடவே இல்லை. பதினான்கு வயதில் இருந்த எனக்கே இன்னொரு தடவை புத்தகம் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அந்தப் பெண்ணுக்கு முழு விடுமுறை இருந்தது, கையில் போன் இல்லை, படித்ததை யாரிடமும் ஒப்பிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இவனுக்கு இருப்பது ஐந்து வாரம். அதில் பத்து நாளை நான் தின்றுவிட்டேன்.

"அந்த புராஜெக்ட் தாளைக் கொடு பாப்போம்" என்றேன். முதல் நாளே கேட்டிருக்க வேண்டியது.

ஒரே ஒரு பக்கம். நாவலாக இருக்க வேண்டும், 100 பக்கத்துக்குக் குறையக் கூடாது. கீழே ஐந்து கேள்விகள். கதையை அரைப் பக்கத்துக்குள் சொல். ஏதாவது ஒரு பாத்திரம் தொடக்கத்திலிருந்து முடிவுக்குள் எப்படி மாறுகிறது? மூன்று இடங்களை எடுத்துக்காட்டி அவை ஏன் முக்கியம் என்று விளக்கு. எழுதியவர் என்ன சொல்ல வருகிறார்? ஐந்தாவது, இந்தக் கதையில் ஒருவர் செய்த எந்தக் காரியத்தை உன்னால் ஏற்க முடியவில்லை, ஏன்? மொத்த மதிப்பெண்ணில் பாதி அந்தக் கடைசிக் கேள்விக்கு.

யாரோ ஒரு நல்ல ஆசிரியை யோசித்துத் தயாரித்த தாள். அந்த ஐந்தாவது கேள்வியை மூன்று தடவை படித்தேன். நாம் பிள்ளைகளுக்கு 'நல்ல புத்தகம்' தேடுகிறோம். விருது வாங்கியது, காலத்தால் நின்றது, நல்லொழுக்கம் சொல்வது. இந்த ஆசிரியைக்கு அது எதுவும் தேவைப்படவில்லை. அவர் கேட்டது, பிள்ளை சண்டை போடக்கூடிய ஒரு புத்தகம்.

இதைப் புரிந்துகொள்ள எனக்கு அக்காவின் மூத்த மகள்தான் காரணம். மூன்று வருடத்துக்கு முன்னால் அவளும் இதே போன்ற ஒரு புராஜெக்ட் செய்தாள். அவளுக்கு நான் கொடுத்தது ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பு. யாரும் குறை சொல்ல முடியாத தேர்வு. 1942 ஜூன் 12 அன்று, பதின்மூன்றாவது பிறந்தநாளுக்குக் கிடைத்த நோட்டில் ஒரு பெண் எழுதத் தொடங்குகிறாள். யூதக் குடும்பம் என்பதால், கொஞ்ச நாளில் நாஜிகளுக்குப் பயந்து எல்லோரோடும் ஒளிந்து வாழப் போகிறாள். 1944 ஆகஸ்ட் 1இல் எழுத்து நின்றுபோகிறது. மூத்தவள் அழுதுகொண்டே படித்தாள். பிறகு உட்கார்ந்து எழுதினாள்: ஆன் தைரியமானவள், போர் கொடியது, நாம் நம்பிக்கை இழக்கக் கூடாது. வகுப்பில் அதே புத்தகத்தை எடுத்த மற்ற மூன்று பேரும் இதையேதான் எழுதியிருந்தார்கள். தவறாக ஒன்றும் எழுதவில்லை. சொல்ல ஒன்றும் இல்லாமல் எழுதியிருந்தார்கள், அவ்வளவுதான். கண்ணீர் வந்த இடத்தில் கேள்வி வரவில்லை.

அந்தப் புத்தகத்தில் கேள்விக்கா பஞ்சம்? 1944 மார்ச்சில், நாடுகடந்து இயங்கிய டச்சு அரசின் அமைச்சர் ஒருவர் வானொலியில், போர்க்காலக் கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் மக்கள் பத்திரப்படுத்தி வைக்க வேண்டும் என்று பேசுகிறார். ஆன் அதைக் கேட்கிறாள். அந்த மே மாதத்திலிருந்து தன் நாட்குறிப்பையே திருத்தி, வெட்டி, வேறு தாள்களில் மறுபடி எழுத ஆரம்பிக்கிறாள். 1947இல் வெளிவந்தது, அவள் அப்பா இந்த இரண்டு வடிவங்களிலிருந்தும் தேர்ந்து தொகுத்த புத்தகம். அப்படியானால் நாம் படிப்பது ஒரு பெண் தனக்காக எழுதியதையா, ஊர் படிக்கட்டும் என்று எழுதியதையா? தனக்காக எழுதும்போது சொல்லி, பிறருக்கு எழுதும்போது எதை எதை மறைத்திருப்பாள்? தானே பூட்டுப் போட்ட டைரி வைத்திருந்த மூத்தவளிடம் இந்த ஒரு கேள்வியை நான் போட்டிருந்தால் அவள் பத்துப் பக்கம் எழுதியிருப்பாள். நான் புத்தகத்தைக் கையில் கொடுத்ததோடு என் வேலை முடிந்தது என்று போய்விட்டேன்.

சரி, பக்கக் கணக்குக்கு வருகிறேன்.

சின்னவனை உட்காரவைத்து, அவன் வகுப்புத் தரத்தில் இருந்த ஏதோ ஒரு கதைப் புத்தகத்தைக் கொடுத்து, சமையலறை டைமரை இருபது நிமிடத்துக்கு வைத்தேன். "வேகமாப் படிக்க வேணாம். எப்பவும் எப்படிப் படிப்பியோ அப்படிப் படி." பதினொரு பக்கம் படித்தான். ஒரு நாளைக்கு இருபது நிமிடத்துக்கு மேல் அவனிடம் எதிர்பார்ப்பது நடக்காத காரியம். மீதமிருந்தது 25 நாள். எழுதவும் பேசிப் பழகவும் கடைசிப் பத்து நாள் வேண்டும். ஆக, படிக்க 15 நாள். பதினைந்தைப் பதினொன்றால் பெருக்கினால் 165. ஒரு நாள்கூடத் தவறாமல் படித்தால்தான் 165 பக்கம். என் 600 பக்க நாவலுக்கு இந்தக் கணக்கில் 55 நாள். பெருக்கல் வாய்ப்பாடு தெரிந்த யாரும் செய்யக்கூடிய கணக்கு. நான் செய்யவில்லை. அவன் போனில் கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

இன்னொன்றும் உண்டு. 165 பக்கப் புத்தகம் எடுத்தால் ஒரு தடவைதான் படிக்க முடியும். மூன்று இடங்களை எடுத்துக்காட்டு என்று கேட்கும் புராஜெக்டுக்கு ஒரு தடவை போதாது. முதல் வாசிப்பில் கதை எங்கே போகிறது என்பதிலேயே கண் இருக்கும்; எந்த இடத்தில் எழுத்தாளர் விதை போட்டார் என்பது, முடிவு தெரிந்து திரும்பிப் படிக்கும்போதுதான் தெரியும். டேனியல் பென்னாக் என்ற பிரெஞ்சு எழுத்தாளர், இவர் பள்ளி ஆசிரியராகவும் இருந்தவர், 1992இல் வெளிவந்த ஒரு புத்தகத்தில் வாசகரின் உரிமைகள் என்று பத்தைப் பட்டியல் போட்டார். படிக்காமல் இருக்கும் உரிமை, பக்கங்களைத் தாண்டிப்போகும் உரிமை, பாதியில் விடும் உரிமை என்று தொடங்கும். பத்தாவது, படித்ததைப் பற்றி வாயே திறக்காமல் இருக்கும் உரிமை. பள்ளி புராஜெக்ட் என்பது முதல் மூன்றையும் கடைசி ஒன்றையும் ஒரே போடாகப் பிடுங்கிக்கொள்ளும் ஏற்பாடு. ஆனால் நான்காவது உரிமையை அதனால் தொட முடியாது: திரும்பப் படிக்கும் உரிமை. அதைப் பயன்படுத்த முடிகிற அளவுக்கு மெலிந்த புத்தகமாகப் பார்த்து எடுக்க வேண்டும், அவ்வளவே.

எனவே நான் எனக்கு வைத்துக்கொண்ட அளவுகோல் இரண்டு. இரண்டு தடவை படிக்கிற நீளம். ஒரு தடவையாவது எரிச்சல் மூட்டுகிற கதை. இதற்குள் வருபவற்றில் நான்கைந்தை மேசையில் பரப்பிவைத்துவிட்டு நகர்ந்துவிடுவது.

நகர்ந்துவிடுவதுதான் சிரமம். அதற்கு முன், பரப்பிவைப்பதிலேயே எனக்கும் அக்காவுக்கும் ஒரு சின்ன யுத்தம். பள்ளி மாறி வந்த பையன் புது இடத்தில் நண்பர்கள் கிடைக்காமல் தவிக்கும் கதை ஒன்றை அக்கா எடுத்து வந்தாள். போன வருடம்தான் இவன் பள்ளி மாறியிருந்தான். "தன்னையே பாத்த மாதிரி இருக்கும்டி, ஒட்டிக்குவான்" என்றாள். புத்தகங்கள் பிள்ளைகளுக்குச் சில சமயம் கண்ணாடி, சில சமயம் சன்னல், சில சமயம் திறந்து உள்ளே போகும் கதவு என்று ருடீன் சிம்ஸ் பிஷப் என்ற அமெரிக்கப் பேராசிரியை 1990இல் எழுதினார். தங்களைப் போன்ற முகங்களையே புத்தகங்களில் பார்க்காமல் வளரும் பிள்ளைகளை மனத்தில் வைத்து அவர் சொன்னது. அது பெரிய விஷயம். நம் வீடுகளிலோ அந்தக் கண்ணாடி, பிள்ளையின் காயத்தைக் காட்டி 'பாரு, இதுதானே உனக்கு வலிக்குது' என்று கேட்கும் கருவியாகிவிடுகிறது. என் பாட்டி இறந்த மாதத்தில், உறவினர் ஒருவர் பாட்டியைப் பறிகொடுத்த சிறுமியின் கதையை எனக்குக் கொண்டுவந்து தந்தார். அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டது நினைவிருக்கிறது. அந்த மாதம் நான் படித்ததெல்லாம் துப்பறியும் கதைகள். அக்காவிடம் வாதாடிப் பார்த்தேன். வேண்டாம், மேசையில் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன்.

நான் எடுத்துவைத்தவற்றில் ஒன்றைக் கடைசி நேரத்தில் திரும்ப எடுத்துக்கொண்டேன். அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு'. 1977இல் வந்த நாவல், நிஜாம் ஆட்சியின் இறுதி மாதங்களில் செகந்திராபாத்தில் வாழும் ஒரு கல்லூரி மாணவனின் கதை. நான் பெரிதும் மதிக்கும் நாவல். ஆனால் அதன் கடைசிக் காட்சியில், உயிர் பிழைக்க எதையும் தரத் தயாராகிவிட்ட ஒரு குடும்பத்தின் முன்னால் அவன் நிற்கிறான், கூசிப்போய் ஓடுகிறான். அந்த இடத்தைப் பதினான்கு வயதில் தனியாகப் படித்துவிட்டு, வகுப்பில் முப்பது பேர் முன்னால் அவன் எப்படிப் பேசுவான்? பதினேழு வயதில் நானே கையில் கொடுப்பேன். இதில் தணிக்கை ஒன்றும் இல்லை. கடைசி அத்தியாயத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாத புத்தகத்தைப் பெரியவர்கள் சிபாரிசு செய்யக் கூடாது என்பது மட்டும் இருக்கிறது. பின்னட்டையைப் படித்துவிட்டுச் சிபாரிசு செய்யும் சித்தப்பாக்கள் எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார்கள்.

கடைசியில் மேசையில் நான்கு. அவனைக் கூப்பிட்டேன்.

ஒரு பக்கத்தைத் திறந்து தெரியாத வார்த்தைக்கு ஒரு விரல் மடக்கு, ஐந்தும் மடங்கினால் புத்தகம் உனக்குக் கடினம் என்று ஒரு சோதனை இருக்கிறது. சிறுபிள்ளைகளுக்கு அது ஓடும். பதின்வயதில் இடறுவது வார்த்தையில் இல்லை. சின்னச் சின்ன வாக்கியமாக, ஒன்றாம் வகுப்புச் சொற்களாலேயே எழுதப்பட்டு, ஒரு மண்ணும் புரியாத நாவல்கள் இருக்கின்றன. யார் பேசுகிறார்கள், இது முன்னே நடந்ததா பின்னே நடந்ததா, இவன் ஏன் கோபப்படுகிறான் என்பதில்தான் பிள்ளைகள் வழி தவறுகிறார்கள். ஆகவே நான் சொன்னது வேறு. "முதல் பக்கத்தைப் படி. அப்புறம் நடுவுல எங்கயாவது திறந்து ரெண்டு பக்கம் படி. யாருக்கு என்ன வேணும்னு தெரியுதான்னு பாரு."

நடுப்பக்கம் ஏன் என்றால், முதல் பக்கம் ஏமாற்றும். மேசையில் இருந்த 'ஃபிராங்கன்ஸ்டைன்' அதற்கு நல்ல சாட்சி. மேரி ஷெல்லி அதை எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது 18. 1818இல் எழுதியவர் பெயரே இல்லாமல் வெளிவந்தது. பூதக்கதை என்று ஆசையோடு திறந்தால், வடதுருவத்துக்குப் புறப்பட்ட ஒருவர் தன் சகோதரிக்கு எழுதும் கடிதங்கள் வரும். பையன் இரண்டு பத்தி படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். நடுவில் திறக்கச் சொன்னேன். அங்கே அந்தப் படைப்பே பேசிக்கொண்டிருந்தது. "இது பேசுமா?" என்றான் ஆச்சரியமாக. சினிமாவின் புண்ணியத்தில் ஃபிராங்கன்ஸ்டைன் என்பதே பூதத்தின் பெயர் என்றும், அது உறும மட்டும் செய்யும் என்றும் ஊர் முழுக்க நினைத்துக்கொண்டிருக்கிறது. அது படைத்தவனின் பெயர். படைக்கப்பட்டதற்குப் பெயரே கிடையாது. நாவலில் அது அத்தியாயம் அத்தியாயமாகப் பேசும், காட்டில் கிடந்த ஒரு தோல் பெட்டிக்குள் மூன்று புத்தகங்களைக் கண்டெடுத்துப் படிக்கும். ஆங்கிலக் கவிஞர் மில்டன் ஆதாம் ஏவாள் கதையை வைத்து எழுதிய காவியத்தை உண்மையில் நடந்த வரலாறு என்றே நம்பி, அதில் வரும் ஆதாமோடும் சாத்தானோடும் தன்னை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளும். யாரும் அதற்குப் புத்தகம் தேர்ந்து கொடுக்கவில்லை, வழிகாட்டவும் இல்லை. எனக்கு அந்த இடம் படிக்கும்போதெல்லாம் தொண்டை அடைக்கும். அதையும் அவனிடம் சொல்லத் தொடங்கினேன். பார்வை போன போக்கைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். நகர்ந்துவிட வேண்டும் என்பது நான் போட்ட விதி அல்லவா.

அக்கா வைத்த புத்தகத்தை அவன் தொடவே இல்லை. பிறகு ஒரு நாள் கேட்டபோது, "அது என்னைப் பத்தினதுன்னு அம்மா வச்சது சித்தி, தெரியும்" என்றான்.

இருப்பதிலேயே ஒல்லியான புத்தகத்தை எடுத்தான். 112 பக்கம். ஜார்ஜ் ஆர்வெல்லின் 'விலங்குப் பண்ணை', ஆங்கிலத்தில்.

உண்மையைச் சொன்னால் எனக்கு ஏமாற்றம்தான். மேசையில் நான்தான் வைத்தேன், ஆனாலும் அதை எடுக்க மாட்டான் என்று ஒரு நப்பாசை. 1945இல் வந்ததிலிருந்து மாணவர்கள் மெலிந்த புத்தகம் தேடிவந்து எடுத்துப்போகும் நாவல் அது. பத்தே அத்தியாயம். மனிதர்களைத் துரத்திவிட்டு விலங்குகளே பண்ணையை நடத்தத் தொடங்கும், பன்றிகள் தலைமையைப் பிடித்துச் சுவரில் எழுதிய சட்டங்களைத் தங்களுக்கு ஏற்றபடி மாற்றும் கதை; ரஷ்யப் புரட்சியை மனத்தில் வைத்து எழுதியது. எந்தப் பன்றி எந்தத் தலைவர், எந்தக் குதிரை எந்த வர்க்கம் என்று அட்டவணை போட்டே வைத்திருக்கிறார்கள். இணையத்தில் தேடினால் ஐந்து நிமிடத்தில் புராஜெக்ட் தயார். ஆசிரியையும் அந்த அட்டவணையை நூறு தடவை திருத்தியிருப்பார். வேறு எடுக்கச் சொல்லலாமா என்று வாய்வரை வந்தது. அக்கா என்னைப் பார்த்த பார்வையில் அடங்கிப்போனேன்.

பாதியில் விடும் வசதியை மட்டும் பேசி வைத்தோம். நூலகர் நான்சி பேர்ல் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்: ஐம்பது வயது வரை உள்ளவர்கள் ஒரு புத்தகத்துக்கு 50 பக்கம் அவகாசம் கொடுக்க வேண்டும், பிடிக்காவிட்டால் விட்டுவிடலாம், அதற்கு மேல் வயதானவர்கள் நூறிலிருந்து தங்கள் வயதைக் கழித்துக்கொள்ளலாம். 112 பக்கப் புத்தகத்தில் 50 பக்கம் என்றால் ஏறக்குறையப் பாதி வந்துவிடும். நாங்கள் 30 என்று வைத்துக்கொண்டோம். மூன்று நாள் படித்துப் பார், ஒத்துவரவில்லையென்றால் மேசையில் இன்னும் மூன்று இருக்கிறது.

ஒன்பதாவது நாள் இரவு பத்தரை மணிக்கு போன்.

"சித்தி, அந்தக் கழுதை லூசா?"

எந்தக் கழுதை என்று கேட்க எனக்கு ஒரு நொடி பிடித்தது. பெஞ்சமின். பண்ணையிலேயே வயதில் மூத்தது, சிரிக்காதது, எதிலும் பட்டுக்கொள்ளாதது. பாக்சர் என்ற உழைப்பாளிக் குதிரையிடம் மட்டும் அதற்கு உயிர். பன்றிகளுக்கு இணையாகப் படிக்கத் தெரியும், ஆனால் படிக்கும்படி ஒன்றும் இல்லை என்று படிப்பதில்லை. சட்டங்கள் எழுதிய சுவரில் ஏதோ மாறியிருக்கிறது என்று சந்தேகப்பட்டு க்ளோவர் என்ற பெண் குதிரை படித்துக் காட்டச் சொல்லும்போது, இந்த விவகாரத்தில் எல்லாம் நான் தலையிட மாட்டேன் என்று ஒதுங்கிக்கொள்ளும். உழைத்து ஓய்ந்து விழுந்த பாக்சரை மருத்துவமனைக்குக் கொண்டுபோவதாகச் சொல்லி ஒரு வண்டி வருகிறது. விலங்குகள் எல்லாம் கையசைக்காத குறையாக விடைகொடுத்துக்கொண்டிருக்கின்றன. அன்றுதான் பெஞ்சமின் வாழ்க்கையில் முதல்தடவை பாய்ந்து ஓடிவந்து கத்துகிறது. வண்டியின் பக்கவாட்டில் எழுதியிருப்பதை எல்லோருக்கும் கேட்கப் படித்துக் காட்டுகிறது. குதிரைகளைக் கொன்று தோலும் பசையும் எடுப்பவனின் வண்டி. அதற்குள் வண்டி கிளம்பிவிடுகிறது.

"அதுக்கு முதல்லேர்ந்தே எல்லாம் தெரியும் சித்தி. படிக்கத் தெரியும். சுவத்துல மாத்துறானுங்கன்னு தெரியும். ஏன் வாயத் தொறக்கல? ஃப்ரெண்டுக்கு ஆபத்துன்னாதான் பேசுமா? அப்ப அந்தப் பன்னிங்களவிட இதுதான் மோசம்."

"பேசியிருந்தா யார் கேட்டிருப்பாங்க?" என்று சும்மா ஒரு கல்லை எறிந்தேன்.

"கேக்கலைன்னாலும் சொல்லியிருக்கணும்ல?" இரண்டு நொடி அமைதி. "எங்க கிளாஸ்லயும் ஒருத்தன் இருக்கான். எல்லாத்தையும் பாப்பான், ஒண்ணும் சொல்ல மாட்டான்."

பள்ளி மாறிய முதல் மாதங்களில் அவனுக்கு என்னவோ நடந்திருக்கிறது என்று அன்றுதான் எனக்குத் தெரியும். தோண்டவில்லை. புது இடத்தில் தவிக்கும் பையனின் கதையில் அக்கா தேடிய கண்ணாடி, 1945இல் வெளிவந்த கதையின் ஒரு கழுதைக்குள் இருந்திருக்கிறது. இதை முன்கூட்டியே கணித்து எடுத்துக்கொடுக்க யாராலும் முடியாது, குறைந்தபட்சம் என்னால் முடியாது.

மறுநாள் அவன் இணையத்தில் தேடிப் பார்த்திருக்கிறான். "எல்லாத்துலயும் பெஞ்சமின் இன்னாரைக் குறிக்குதுன்னு போட்டிருக்கு. ஏன் பேசலைன்னு யாரும் போடல." அதனால் இரண்டாவது தடவை படிக்கத் தொடங்கினான், பெஞ்சமின் வரும் இடங்களை மட்டும் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு. அந்தப் புத்தகம் நூலகத்துடையதாக இருந்திருந்தால் அது முடிந்திருக்காது. எழுதிக் கிறுக்க அனுமதியுள்ள பிரதி வேண்டும் என்பதை இதற்கு முன் நான் யோசித்ததே இல்லை. பெஞ்சமின் வரும் இடங்கள் அப்படியொன்றும் அதிகமில்லை. ஆனால் ஒவ்வொன்றிலும் யாராவது ஒருவர் அதனிடம் எதையோ கேட்கிறார்கள், அது நழுவுகிறது. கடைசி அத்தியாயத்தில் கண் மங்கிப்போன க்ளோவர் மறுபடியும் சுவரைப் படிக்கச் சொல்லும்போது, தன் விதியைத் தானே மீறிப் படித்துக் காட்டுகிறது. அங்கே இப்போது ஒரே ஒரு சட்டம்தான் மிச்சம்.

"இங்க மாறிடுச்சு சித்தி. ரெண்டாவது கேள்விக்கு இதையே எழுதலாம்ல? ஆனா எல்லாம் முடிஞ்சப்பறம் மாறி என்ன பிரயோஜனம்?"

எழுது என்றேன். அந்தக் கடைசி வாக்கியத்தையும் சேர்த்து எழுது.

அவன் எழுதியதில் எழுத்துப்பிழை இருந்தது. கதைச் சுருக்கம் அரைப் பக்கத்தைத் தாண்டிவிட்டது என்று மதிப்பெண் குறைத்தார்களாம். ரஷ்யப் புரட்சியைப் பற்றி ஒரு பத்தி வேண்டுமென்று அக்கா சொல்லி, அதை மட்டும் உயிரில்லாமல் எங்கிருந்தோ பார்த்து எழுதியிருந்தான்; அந்தப் பத்தி தனியாகத் தெரிந்தது. பேச்சை என்னிடம் ஒத்திகை பார்த்தபோது நான்கு நிமிடம் ஏழாக நீண்டது. நான் திருத்த வாயெடுத்தேன், வேண்டாம் என்று கையைக் காட்டினான். வகுப்பில் பேசி முடித்தபின் ஒரு பெண் எழுந்து, பெஞ்சமின் முதலிலேயே பேசியிருந்தால் பன்றிகள் அதை மட்டும் சும்மா விட்டிருக்குமா என்று கேட்டிருக்கிறாள். இவனுக்குப் பதில் தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் பையை இறக்கிவைக்காமலே எனக்கு போன் செய்து அதைத்தான் சொன்னான். மதிப்பெண் எவ்வளவு என்று நான் கேட்டபோதுதான் அவனுக்கே அது நினைவு வந்தது.

போன வாரம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது என் 600 பக்க நாவலைத் திருப்பிக் கொடுத்தான். தாள் துண்டு 23ஆம் பக்கத்திலேயே இருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து, இருபத்தெட்டு வருடத்துக்குப் பிறகு நானே அதை மறுபடி படிக்க ஆரம்பித்திருக்கிறேன். இப்போது 61ஆம் பக்கத்தில் நிற்கிறேன், நான்கு நாளாக. நான்சி பேர்ல் கணக்குப்படி பதினொரு பக்கத்துக்கு முன்பே எனக்கு விடுதலை கிடைத்துவிட்டது. அவனிடம் இன்னும் சொல்லவில்லை.